குலுக்கினால் விழிக்கும் தொப்பி

மார்ச் 3, செவ்வாய்

இன்று முழுக்கச் சோதனை அறை இயந்திரக் கையோடுதான். குலுக்கும், அழுத்தும், ஓயும். மறுபடி குலுக்கும், அழுத்தும். பச்சை விளக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை. சாப்பிடப் போனபோதும் அந்தச் சத்தம் காதிலேயே இருந்தது.

பின்னாளில் எடுத்துப் படித்தால் எனக்கே மறந்திருக்கும் என்பதால் எழுதிவைக்கிறேன். நாங்கள் செய்வது இன்ஹேலரின் தலையில் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் மூடி. ஆபீஸில் அதற்குப் பெயர் தொப்பி. உள்ளே ஒரு சில்லு, ஒரு பொத்தான் பேட்டரி. அழுத்தினால் பச்சை விளக்கு எரியும், இன்னும் எத்தனை பஃப், அதாவது எத்தனை முறை அடிக்க மருந்து மிச்சம் என்று எண் காட்டும். பேட்டரி தீராமலிருக்க மற்ற நேரமெல்லாம் தூங்கும், குலுக்கினால் விழித்துக்கொள்ளும். இன்ஹேலரை எப்படியும் குலுக்கிவிட்டுத்தானே எடுக்கவேண்டும்? இந்த யோசனையை எல்லாரும் மெச்சினோம். எதையும் லேசில் மெச்சாத நானும்தான்.

முதல் தொகுதி இருபதாம் தேதி ஒரு நெஞ்சுநோய் மருத்துவமனையின் நோயாளிகளுக்குப் போகிறது. சோதனைப் பிரிவுக்கு நான் தலைவி. என் கையெழுத்து விழுந்தால்தான் பெட்டிகள் வாசல் தாண்டும்.

வீட்டில் மூச்சுத் திணறல் உள்ளவர்கள் இருந்தால் ஒன்று கொண்டுபோய்ப் பழக்கிப் பார்க்கலாம் என்றார்கள். என் கணவருக்கு உண்டு. இவருடைய இன்ஹேலரில் மாட்டிக் கொடுத்தேன். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர், எல்லாவற்றுக்கும் அந்தப் பேச்சுதான். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஹாரன் எங்க இதுக்கு?” என்றார்.

மார்ச் 5, வியாழன்

காலையில் என் முகத்துக்கு நேரே நீட்டி, குழந்தைக்குக் கிலுகிலுப்பை ஆட்டுவதுபோல ஆட்டிக்காட்டிவிட்டு ஒரு பஃப் எடுத்தார். “போதுமா இன்ஸ்பெக்டர்?” பச்சை.

மார்ச் 8, ஞாயிறு

மாடிப்படிக் கைப்பிடிக்கு யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள். சாயங்காலம் இவர் கடைக்குப் போய்விட்டு அந்த வாசனையினூடே ஏறி வந்தார். கதவைத் திறக்கும்போதே இழுப்புக் கேட்டது.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து நேராக வாயில் வைத்து அழுத்தினார். விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினார். எரிந்தது.

குலுக்கவில்லை. முதல் அழுத்தில் தொப்பி விழித்திருக்கிறது, இரண்டாவதைத்தான் எண்ணியிருக்கிறது.

இதையெல்லாம் நான் அங்கேயே, அப்போதே யோசித்தேன். இவர் தோள் ஏறி இறங்கிக்கொண்டிருக்க, நான் குனிந்து எண்ணைப் பார்த்தேன்.

கொஞ்சம் அடங்கியதும் கேட்டார். “எதைப் பார்த்துட்டு இருந்த?”

“லைட் எரியல.”

“நான்?”

தொப்பியைக் கழற்றிவிட்டுப் பழையபடி வெறும் இன்ஹேலரையே கொடுத்துவிட்டேன். அதையாவது செய்தேன்.

மார்ச் 9, திங்கள்

இயந்திரக் கையைக் குலுக்காமல் அழுத்தச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் முதல் அழுத்து எண்ணிக்கையில் வரவில்லை. ஒவ்வொரு முறையும். ‘குலுக்கு, அழுத்து’ என்று சோதனை முறையை எழுதியது நான்தான். நான் எழுதியபடி கை செய்தது, கை செய்ததைப் பார்த்து நான் திருப்திப்பட்டேன்.

இதில் என்ன கெட்டுப்போகும்? திணறல் வரும்போதெல்லாம் ஒரு பஃப் கணக்கில் வராமல் போகும். உள்ளே மருந்து தீர்ந்த பிறகும் தொப்பி ‘மிச்சம் இருக்கிறது’ என்றே காட்டும். தீர்ந்த குப்பியும் அழுத்தினால் சீறத்தான் செய்யும். அடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. மூச்சுக்குத் தவிக்கிறவர் வெறும் காற்றை அடித்துக்கொண்டு, எண்ணை நம்பி உட்கார்ந்திருப்பார்.

நிரல் எழுதும் தாடிக்காரரிடம் சொன்னேன். அவர் முகம் போன போக்கிலேயே புரிந்துகொண்டார் என்று தெரிந்தது. ஆனால், “எப்பவும் முழிச்சே இருந்தா பேட்டரி தாங்காது மேடம்” என்றார்.

பிறகு கடிகாரத்திடம். எங்கள் இயக்குநருக்கு நாங்கள் வைத்த பெயர் அது. யார் பேசினாலும் மணிக்கட்டைப் பார்ப்பார். இன்றும் பார்த்தார்.

“குலுக்காம அடிச்சா மருந்தே சரியா கலக்காது மேடம். அட்டையிலயே பெரிசா போட்டிருக்கோம், முதலில் குலுக்கவும்னு. அந்த வரிய நானே எழுதினேன். படிக்காதவன் தப்பு அது.”

“திணறும்போது யார் சார் அட்டை படிப்பாங்க?”

“உங்க வீட்டுக்காரர் ஒருத்தர் குலுக்கல. ஒரே ஆளு. அதுவும் நீங்க வாயால சொல்றீங்க. இத வெச்சு நான் எல்லாத்தையும் நிறுத்தணுமா? ஏதாவது கொண்டு வாங்க. கண்ணால பார்க்கிற மாதிரி.”

மார்ச் 10, செவ்வாய்

நாள் முழுக்க யோசித்துவிட்டு, சாப்பிட்ட பிறகு கேட்டேன். அடுத்த முறை திணறல் வந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று.

தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. “எடுத்து?”

“மீட்டிங்ல காட்டணும். மூஞ்சி தெரியாம பண்ணிடலாம்.”

“மூச்சு தெரியுமில்ல.”

இவருக்கு இந்தத் தொந்தரவு இருப்பது டிரைவிங் ஸ்கூலில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் காரிலிருந்து இறக்கி, வரவேற்பு மேசையில் உட்கார வைத்துவிடுவார்கள். ஊரெல்லாம் சுற்றிய மனிதரை மேசைக்குப் பின்னால் என்னாலும் நினைத்துப்பார்க்க முடியவில்லை. தெரிந்துதான் கேட்டேன்.

“என் இழுப்ப மேசை மேல போட்டுக் கூட்டம் போடாத” என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

மார்ச் 12, வியாழன்

மகள் விடுதியிலிருந்து போன் செய்தாள். நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது.

“அம்மா, அப்பா சொன்னாரு. அவரு உனக்குப் புருஷனா, சோதனை எலியா?”

“உங்கப்பா மாதிரி எத்தனையோ பேர் இருக்காங்கடி. அவங்களுக்காகத்தான் கேட்டேன்.”

“அப்ப அவங்க பொண்டாட்டிங்ககிட்ட கேளு.”

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். வைத்த பிறகுதான் வலித்தது.

மார்ச் 14, சனி

எழுதாமல் விட்டுவிடலாம் என்றிருந்தேன்.

மதியம் பரணிலிருந்து பழைய மெத்தையை இறக்கினோம். தூசி. இரண்டே நிமிடத்தில் ஆரம்பித்துவிட்டது. தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடிப்போய் இன்ஹேலரை எடுத்துக்கொடுத்தேன். அது ஒரு கையில் வந்தது. இன்னொரு கையில் போன் இருந்தது.

எதற்கு எடுத்தேன்? ஆம்புலன்ஸைக் கூப்பிடவா? தெரியவில்லை. — தெரியவில்லை என்று எழுதுவது பொய். கேமராவைத் திறக்கவில்லை. ஆனால் எடுத்தேன்.

இவர் போனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தபடியே திரும்பி, முகத்தைச் சுவர் பக்கம் வைத்துக்கொண்டு அழுத்தினார்.

குலுக்கவில்லை. அதையும் பார்த்தேன். என்ன பிறவி நான்?

மார்ச் 16, திங்கள்

கடிகாரம் கையெழுத்துத் தாளை மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வெள்ளிக்கிழமை பெட்டிகள் போகவேண்டும். தாளை அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

வீட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு ஐந்து மாடி ஏறினேன். கதவுக்கு முன்னால் நின்று, நெஞ்சு அடிக்க, பூட்டில் அலமாரிச் சாவியைத் திணித்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருஷமாகத் திறக்கிற கதவு. வீட்டுச் சாவி எது என்று கை மறந்துவிட்டது.

அப்படியே நின்றேன். மூச்சு வாங்கியதால் மட்டும் அல்ல.

நோயாளி எதற்கு? இவர் எதற்கு? ஆபீஸில் எல்லாருக்கும் நுரையீரல் இருக்கிறதே.

மார்ச் 17, செவ்வாய்

ஆபீஸில் யாரிடமும் காரணத்தைச் சொல்லவில்லை. திணறலில் மூச்சு எவ்வளவு வேகமாக இழுபடுகிறது என்று அளக்கவேண்டும், உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்கள் வரலாம் என்று மட்டும் சொன்னேன். கீழிருந்து ஆறாவது மாடி வரை ஏறவேண்டும். ஏறியதும் மூக்கில் துணி மாட்டும் கிளிப். வாயில் மெல்லிய உறிஞ்சுகுழல், அதன் வழியாகத்தான் மூச்சு. நான் கை காட்டியதும் குழலைத் துப்பிவிட்டு, மேசையில் இருக்கும், தொப்பி மாட்டிய மருந்தில்லாத இன்ஹேலரை எடுத்து அடிக்கவேண்டும். பக்கத்திலேயே அட்டை: முதலில் குலுக்கவும். சிவப்பில்.

தாடிக்காரர்தான் முதலில். தொப்பிக்கு நிரல் எழுதிய மனிதர். குழல் வழியாக நாலு மூச்சு இழுத்ததுமே கண் பெரிதாகிவிட்டது. நான் கை காட்டியதும் பாய்ந்து எடுத்து அழுத்தினார். விளக்கு இல்லை. என்னைப் பார்த்தார். “அடச்சே” என்றார்.

அவரைத் தனியே உட்கார வைத்து, வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். வந்தவர்களில் கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி மட்டும்தான் குலுக்கினாள். அவள் மாரத்தான் ஓடுகிறவளாம்.

சத்தம் கேட்டுக் கடிகாரம் வந்தார். “என்ன மேடம், விளையாட்டுப் போட்டியா?”

“நீங்களும் ஏறுங்க சார்.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் மறுக்க முடியவில்லை. கோட்டைக் கழற்றினார். நல்லபடியாகத்தான் ஏறினார். கிளிப்பை மாட்டியதும் முகம் சிவந்தது, குழலைக் கடித்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் போய் வேறு ஏதோ வந்தது. அந்தப் பார்வையை நான் வீட்டில் பார்த்திருக்கிறேன். கை காட்டினேன். எடுத்தார், அழுத்தினார். இருட்டு.

மூலையிலிருந்து தாடிக்காரர் மெதுவாக, “சார், அட்டைல பெரிசா போட்டிருக்கே சார்” என்றார்.

மூச்சு திரும்பக் கொஞ்ச நேரம் ஆனது. கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். “இது சோதனை இல்ல. தந்திரம்” என்று சொல்லிவிட்டு, கோட்டை மறந்து போய்விட்டார்.

மார்ச் 18, புதன்

“நீங்க கையெழுத்துப் போடலைன்னா வேற ஆள் போடுவாங்க. அதிகாரத்த மாத்தி எழுத எனக்கு அஞ்சு நிமிஷம்.” கடிகாரம் கதவருகே நின்றே சொன்னார்.

“எழுதுங்க. நான் அந்த மருத்துவமனை டாக்டருக்கு எழுதறேன். எனக்கும் அஞ்சு நிமிஷம்தான்.”

இவ்வளவு வருஷத்தில் ஒருவரையும் மிரட்டியதில்லை. வெளியே வந்ததும் கழிவறையில் போய்க் கொஞ்சநேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். நாளை அடையாள அட்டை வேலை செய்யுமா என்றுகூடத் தெரியவில்லை.

மார்ச் 19, வியாழன்

அட்டை வேலை செய்தது. கடிகாரம் வரவில்லை.

இன்றுதான் இவரிடம் சொன்னேன், கிளிப்பும் குழலும் எல்லாம். டாக்டருக்கு எழுதிய கடிதம் அனுப்பாமல் தயாராக இருப்பதையும். கடிகாரத்தின் மூக்கில் கிளிப் மாட்டியதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. சிரிப்பு இருமலானது, நான் எழுந்தேன். “உட்காரு, இது வெறும் சிரிப்புதான்” என்றார்.

சனிக்கிழமைக்காக மன்னிப்புக் கேட்டேன். சொற்கள் சரியாக வரவில்லை. அவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். எங்கள் வீட்டில் அதற்கும் ஓர் அர்த்தம் உண்டு.

மார்ச் 20, வெள்ளி

காலையிலேயே சரக்கு வண்டி வந்து வாசலில் நின்றது. என் அறையிலிருந்து பார்த்தால் அதன் பின்கதவு தெரியும். திறந்தே கிடந்தது. எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கடிதம் திரையில். அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் விரல்.

மதியத்துக்குப் பிறகு கடிகாரம் வந்து எதிரில் உட்கார்ந்தார். மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

“நேத்து வீட்டுல நானே செஞ்சு பார்த்தேன். மாடிப்படி, குழல், எல்லாம். என்ன செய்யணும்னு தெரியும். குலுக்கணும் குலுக்கணும்னு சொல்லிக்கிட்டேதான் ஏறினேன்.”

காத்திருந்தேன்.

“மறந்துட்டேன் மேடம்.” கொஞ்சம் பொறுத்து, “ரெண்டாவது தடவையும்” என்றார்.

கீழே பின்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வண்டி காலியாகப் போனது.

“அந்தக் கிளிப்ப யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றார் எழுந்துகொண்டே. ஆபீஸ் முழுக்கத் தெரியும் என்பதை நான் சொல்லவில்லை. கடிதத்தை அழித்தேன்.

ஏப்ரல் 22, புதன்

குலுக்கலுக்குப் பதில், இன்ஹேலரில் வாய் வைக்கும் பக்கத்து மூடியில் ஒரு சின்ன விசை. மூடியைத் திறந்தாலே தொப்பி விழித்துக்கொள்ளும். மூடியைத் திறக்காமல் யாராலும் பஃப் எடுக்க முடியாது, திணறுகிறவராலும். தாடிக்காரர் மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. கடிகாரம் தினமும் மணிக்கட்டைப் பார்க்கிறார். நான் இன்னும் நம்பவில்லை. மறுபடி எல்லாரையும் படி ஏற்றவேண்டும்.

ஜூன் 7, ஞாயிறு

புதிய தொப்பியை நானாக வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. போன வாரம் இவராகவே கேட்டார். “உன் வண்டி ரிப்பேர் ஆயிடுச்சா? கொண்டா, ஓட்டிப் பார்க்கறேன்.”

இன்று சாயங்காலம் மழைக்கு முன்னால் புழுதிக்காற்று. ஜன்னலைச் சாத்துவதற்குள் ஆரம்பித்துவிட்டது. நாற்காலியில் முன்பக்கம் சாய்ந்து உட்கார வைத்தேன். மூடியைத் திறந்து அழுத்தினார். கொஞ்சம் இருந்து மறுபடி அழுத்தினார். என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நகம் பதிகிற அளவுக்கு. நெற்றி ஓரத்து நரம்பு துடிப்பதையும், உதடு நீலத்திலிருந்து மெல்ல நிறம் திரும்புவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நரம்பு அங்கே இருப்பது இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

மழை பிடித்துக்கொண்ட பிறகு கேட்டார். “எரிஞ்சுதா?”

“என்னது?”

“உன் லைட்.”

“பார்க்கலையே” என்றேன்.

கொஞ்சநேரம் என்னையே பார்த்தார். பிறகு இன்ஹேலரை மூடி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “ஜன்னலைத் திற, புழுதி அடங்கியிருக்கும்” என்றார்.