தேவாலயத்தின் கான்கிரீட் கூரை

அண்ணா,

நேற்று நீ தொலைக்காட்சியில் பேசியதை நிவாரணக் கூடாரத்தில் ஊரோடு உட்கார்ந்து பார்த்தேன். "எழுநூறு வருஷத்துச் சுவர், எத்தனை நாள்தான் நிக்கும்?" என்றாய். சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டேன்.

இருபது வருஷத்துக்கு முந்தைய நிலநடுக்கத்தில் அந்தச் சுவர் விரிசலோடு நின்றதே. அதன் பிறகுதான் சான் தொனாத்தோ தேவாலயத்தின் மரக்கூரையைக் கழற்றிவிட்டு நீ கான்கிரீட் போட்டாய். கொத்தனார் ஒத்தோரினோ உன்னிடம் கெஞ்சினார்.

"இன்ஜினியர், சுவருக்கு உள்ள வெறும் மண்ணும் கல்லுப்பொடியும்தான். இந்தப் பாரம் தாங்காது."

"நீங்க கல்லை அடுக்குங்க, மூளை வேலைய நான் பாத்துக்கறேன்" என்றாய். பக்கத்தில் நின்ற நான் சிரித்தேன்.

இப்போதைய நிலநடுக்கத்தில் சுவர்கள் பொடியாகிவிட்டன. உன் கூரை மட்டும் உடையாமல் ஒரே பலகையாகக் கிடக்கிறது. பலிபீடத்துக்குப் பூ வைக்கப் போன நஸ்ஸரேனா, ஒத்தோரினோவின் மனைவி, அதன் அடியில் இருந்தாள். அதைத் தூக்க மூன்று நாளாயிற்று.

இன்று காலை நீ தொலைபேசியில் கேட்டது ஒன்றுதான். "ஒத்தோரினோ எச்சரிக்கவே இல்லைன்னு விசாரணையில சொல்லிடு. உன்னை விட்டா வேற சாட்சி இல்ல." அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மதியம் அரசு வழக்கறிஞரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். பிறகு ஒத்தோரினோவிடம் போய், சொல்லிவிட்டேன் என்றேன்.

"இருபது வருஷம் கழிச்சா?" என்று கேட்டுவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாளை நஸ்ஸரேனாவின் அடக்கம். நீ வராதே. அன்று சிரித்த நானும் கல்லறைத் தோட்டத்துக்கு வெளியில்தான் நிற்பேன்.

உன் தங்கை