நிலைவாசல் தேன்

ஊரிலிருந்து,
மே 17, வெள்ளி மாலை

அன்புள்ள தம்பி இலிருக்கு,

விருந்தாளி எப்போது விருந்தாளியாக இல்லாமல் போகிறான்? அப்பா இன்று மதியம் என்னிடம் இதைத்தான் கேட்டார். "இத்தனை புஸ்தகம் படிச்சிருக்கியே, எங்கயாவது எழுதியிருக்கா?" என்றார். இருபத்து மூன்று வருடமாகப் பிரெஞ்சுப் பாடம் நடத்துகிறேன். தெரியாது என்றே சொல்லிவிட்டேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஆட்டுப் பட்டிக்குப் போய்விட்டார்.

நீ கேட்டிருந்த கேள்வி வேறு. ருதினா ஜெர்மனிக்கு உன்னோடு இருக்க வருவாளா மாட்டாளா, திரானாவில் ஜெர்மன் தூதரகத்தில் விசாவுக்குப் புதன்கிழமை நேரம் வாங்கிக் கொடுத்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டிருந்தாய். போனில் சொல்ல முடியவில்லை. லீவு போட்டு ஒரு வாரமாக இங்கேதான் இருக்கிறேன், பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே நிற்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம். திங்களன்று ஸ்டுட்கார்ட் போகிற வேன்காரரிடம் மற்ற சாமான்களோடு கொடுத்து அனுப்புகிறேன்.

சமையல் வகுப்பைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். பெர்மெத்தில் சுற்றுலாக்காரர்களை அழைத்துப் போகும் ஷ்ப்ரெசா, மார்ச்சில் ருதினாவைத் தேடி வந்தாள். வெளிநாட்டார் ஒரு கிராமத்து வீட்டுக்கு வந்து, வீட்டாரோடு சேர்ந்து மாவு பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்து அடுக்கி, நடுவில் கீரை வைத்து ப்யூரெக் சுட்டு, அதையே சாப்பிட்டுப் போவார்கள். வீடு பிடித்துவிட்டால் அக்டோபர் வரை வாரம் இரண்டு முறை ஆட்கள் வருவார்கள். நான் பிரெஞ்சில் பேச வேண்டும், அவ்வளவுதான். சொந்த ஊரில் மாவைப் பார்க்காதவர்களா இவர்கள் என்று கேட்டேன். எனக்கு நம்பிக்கையே இல்லை. ருதினா, "நீங்க நம்ப வேண்டாம் அண்ணி, பேசினா போதும்" என்றாள். அவள் அப்படித் தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

போன சனிக்கிழமை முதல் குழு வந்தது. பெல்ஜியத்திலிருந்து நான்கு பேர். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற தபால்காரர், நிலைவாசலில் குனிந்துதான் நுழைய முடியும், அத்தனை உயரம். ருதினா முந்தின நாளே காட்டுக் கீரை பறித்து, பாலாடைக்கட்டி வடித்து, மாவுத் தொட்டியைக் கழுவி வைத்திருந்தாள். பத்து மணிக்கு அவர்களை உள்ளே அழைத்துப் போனால், மேசை நிறைந்து கிடக்கிறது. மூன்று ப்யூரெக், துண்டு போட்டு ஆவி பறக்கிறது. தீயில் வாட்டிய ஒரு முழு ஆட்டுக்குட்டி. ஊறுகாய், தயிர், பாகில் ஊறிய பச்சை அக்ரூட். அப்பா விடியும் முன்பே பக்கத்து வீட்டு சாபியேயைப் போய் எழுப்பி ப்யூரெக் செய்யச் சொல்லியிருக்கிறார். ஆட்டுக்குட்டியைத் தானே பட்டிக்குப் பின்னால் தீ மூட்டி வாட்டியிருக்கிறார். நாங்கள் வெளியே வண்டிக்குக் காத்து நின்ற நேரத்தில் எல்லாம் மேசைக்கு வந்திருக்கிறது, எங்கள் யாருக்கும் தெரியாது.

ருதினா விடவில்லை. சாப்பிட்ட பிறகாவது தொடங்கலாம் என்று, மாவு தேய்க்கும் நீளக் கட்டையை எடுத்துத் தபால்காரரின் கையில் கொடுத்தாள். அப்பா எழுந்து வந்து அதை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, ஒரு கோப்பை ராக்கிச் சாராயத்தைக் கொடுத்தார். அவர் குடித்தார். ருதினா மறுபடி கட்டையைக் கொடுத்தாள். அப்பா மறுபடி வாங்கிக்கொண்டு மறுபடி கோப்பை கொடுத்தார். மூன்றாவது முறை தபால்காரரே கட்டையை அப்பாவிடம் நீட்டிவிட்டுக் கோப்பைக்குக் கை நீட்டினார்.

அப்பா பேசியதை மொழிபெயர்த்தது வேறு கதை. "பாவம், வீட்டுல சோறு போட மாட்டாங்களா, நம்ம வீட்டுல வந்து மாவு பிசைய நிக்கிறாங்க" என்றார். நீங்கள் வந்ததில் எங்களுக்குப் பெருமை என்று சொன்னேன். மதியம் மூன்று மணிவரை பாட்டு. கிளம்பும்போது ஆளுக்கு ஒரு ஜாடி அக்ரூட் பாகைக் கையில் திணித்தார். வண்டியில் ஏறுவதற்கு முன் தபால்காரர் என்னிடம் மிகவும் மரியாதையாக, வகுப்பு எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கேட்டார்.

ஷ்ப்ரெசா சிரிக்கவில்லை. "சமையல் வகுப்புன்னு கூட்டிட்டு வந்தேன், கல்யாண வீட்டுக்கு வந்துட்டாங்க" என்றாள். இன்னொரு முறை மட்டும் பார்ப்பதாகவும், நாளை வரும் குழுவும் இப்படியே போனால் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் வேறு வீடு பார்த்து வைத்திருப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை நடந்ததையும் எழுதிவிடுகிறேன், நீ தெரிந்துகொள்ள வேண்டும். ருதினா அப்பாவிடம், "மாமா, இது விருந்து இல்ல, வகுப்பு. அவங்க செய்யறதுக்குத்தான் வந்தாங்க" என்றாள். அப்பா, "வகுப்புன்னா பள்ளிக்கூடத்துல நடத்து, இது வீடு" என்றார். "என் வாசல் தாண்டி வந்தவன் கையில மாவு ஒட்டுச்சுன்னா, நெவ்ருஸ் விருந்தாளியை வேலை வாங்குறான்னு பேசுவாங்க. அதுக்கப்புறம் நான் காபிக் கடையில எந்த மூஞ்சியோட உட்கார்றது?" என்றார். அதற்கு அவள், "நான் மட்டும் பதினோரு வருஷமா பிசையறேனே, யாரும் பேசலையே" என்றாள். அவர், "நீ வீட்டு ஆளு" என்றார். அவள், "எப்பலேருந்து?" என்று கேட்டாள்.

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள். அப்பா எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டார். அதன்பிறகு இந்த ஒரு வாரமாக வீட்டில் பேச்சே குறைவு. இன்று மதியம்தான் என்னிடம் அந்தக் கேள்வியோடு வந்தார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நேற்று மாவுத் தொட்டியைத் துடைத்துக்கொண்டே ருதினா என்னிடம் சொன்னாள், "சனிக்கிழமை சரியா நடந்துச்சுன்னா புதன்கிழமை திரானா போக மாட்டேன். நடக்கலைன்னா பொண்ணு எரிசாவைக் கூட்டிக்கிட்டு ஜெர்மனிக்கே போயிடுவேன். அங்க போய் ஓட்டல்ல பாத்திரம் கழுவணும்னாலும் கழுவறேன், இப்படி உட்கார்ந்துக்கிட்டு இருக்க முடியாது." உன்மேல் கோபமா என்று கேட்டேன். இல்லையாம். "அவரு ஏழு வருஷமா அங்க இருக்காரு. நான் போனா அங்க அவருக்கு விருந்தாளி. அவரு வந்தா இங்க எங்களுக்கு விருந்தாளி" என்றாள். இதை அப்படியே எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

அவள் போனால் அப்பா தனியாக என்ன செய்வார் என்று நீ கேட்கவில்லை. அப்பாவும் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. அவளிடம் ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை, சொல்லவும் மாட்டார். பெர்மெத்தில் என் வீட்டுக்கு வரச் சொன்னால் ஆடுகளை மூன்றாவது மாடியில் எங்கே கட்டுவாய் என்று கேட்பார்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். தபால்காரர் கையிலிருந்து அப்பா கட்டையை வாங்கியபோது, இதை எங்கோ பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. போன ஆகஸ்டில், வழக்கம்போல லீவுக்கு வந்திருந்தபோது, நீ விறகு பிளக்கக் கோடரியை எடுத்தாய். அப்பா வந்து அதை வாங்கி வைத்துவிட்டு, உன் கையில் ராக்கிக் கோப்பையைக் கொடுத்து நிழலில் உட்காரச் சொன்னார். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு அன்று முழுவதும் நீ பேசவில்லை என்பதையும் நான் கவனித்தேன்.

மற்றபடி எல்லாரும் நலம். எரிசா கணக்கில் நல்ல மதிப்பெண், எழுத்து மட்டும் உன்னைப் போலவே கோழி கிளறியது மாதிரி. கூரையின் வடக்கு மூலையில் இரண்டு கல் பலகைகள் பெயர்ந்திருக்கின்றன. அப்பாவை ஏற விடவில்லை.

அவளாகப் பேசும் வரை போன் செய்து நெருக்காதே. நான் உன்னிடம் எதையும் கேட்டதில்லை, இதைக் கேட்கிறேன். வேலையில் கட்டடச் சாரத்தில் ஏறும்போது கயிற்றைக் கட்டிக்கொள். உடம்பு நன்றாக இருக்கட்டும், மனது ஓரிடத்தில் நிலைக்கட்டும்.

உன் அக்கா,
எட்லேவா


மே 18, சனி

உறையை ஒட்டவில்லை. அதனால் இன்று நடந்ததையும் இதிலேயே எழுதுகிறேன்.

பத்து மணிக்குச் சுவிஸ்காரர்கள் ஆறு பேர் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் தாடிக்காரர்கள். அப்பா கருப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளிக்கதவில் நின்றார். ருதினா அவர் முகத்தைப் பார்த்தாள், பிறகு அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தாள். மேசை காலியாக இருந்தது. அப்படியும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை, பரணில்கூடத் தேடினாள்.

அப்பா அவர்களை முறைப்படி உள்ளே அழைத்தார். காபி, ராக்கி, ஒரு கரண்டி பாகு, குளிர்ந்த தண்ணீர். வீட்டில் எல்லாரும் நலமா என்று ஆறு பேரிடமும் தனித்தனியாக விசாரித்தார். நான் ஆறு முறை மொழிபெயர்த்தேன். அரை மணி நேரம் போயிற்று. ஷ்ப்ரெசா கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். அப்போது அப்பா எழுந்து, "எல்லாரும் வெளியே போங்க" என்றார்.

நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்து, "சொல்லு, முற்றத்துக்குப் போகச் சொல்லு" என்றார். சொன்னேன். அவர்கள் பயந்துபோய் எழுந்து வெளியே போனார்கள். ருதினா கையிலிருந்த மாவுச் சல்லடையைக் கீழே வைத்துவிட்டாள். முடிந்தது என்று நினைத்திருப்பாள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்பா உள்ளேயிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து நிலைவாசலில் போட்டார். அதன்மேல் தேன் ஜாடியை வைத்தார். "இது வரைக்கும் விருந்தாளியா வந்தாங்க. அது முடிஞ்சுது. இப்ப திரும்ப உள்ள வரணும், வீட்டு ஆளா" என்றார். பிறகு ருதினாவைப் பார்த்து, "எப்பலேருந்துன்னு கேட்டியே, இதுலேருந்துதான். நீ மூணு தடவை தொட்ட. மேல பாரு, கறை இன்னும் இருக்கு" என்றார்.

இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மரம் முழுவதுமே கறைதான். ருதினா நிமிர்ந்து பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

நம் ஊரில் புகுந்த வீட்டுக்குள் முதன்முதலாக நுழையும் மணப்பெண் மட்டும் செய்கிற சடங்கு இது. ஆறு பேரும் வரிசையாக நின்று தேனில் விரலை விட்டு நிலையின் மேல்கட்டையை மூன்று முறை தொட்டு உள்ளே வந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாபியே, "நெவ்ருஸ், ஒரே நாள்ல ஆறு மருமகளா? அதுல ரெண்டுக்குத் தாடி வேற" என்றாள். அப்பா திரும்பாமலே, "உனக்கு வாய்ச்சதை விடத் தேவலை" என்றார்.

அதன்பிறகு அவர் யாருக்கும் இரக்கம் காட்டவில்லை. "ஏய் தாடி, வெறகு எடுத்துட்டு வா." "இது மாவா, பசையா? திரும்பப் பிசையச் சொல்லு." "கீரையைக் கிள்ளுறாளா, தடவிக் கொடுக்கிறாளா?" இன்று ஒரு வார்த்தையும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன். அவர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. ருதினா கட்டையில் மாவைச் சுற்றி உருட்டி விரித்துக் காட்டினாள், பின்னால் இருப்பவர் முகம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக. அவர்கள் தேய்த்தவை கிழிந்தன. கிழிந்ததை அடியில் போட்டு நல்லதை மேலே போடச் சொன்னாள். தட்டை மூடியிருந்த இரும்பு மூடிமேல் தாடிக்காரர் தணலை ஒரு பக்கமாக அள்ளிப் போட்டதில் ப்யூரெக் அந்தப் பக்கம் கருகி, இந்தப் பக்கம் வெளுத்திருந்தது. அப்பா கருகிய துண்டைத் தன் தட்டில் எடுத்துக்கொண்டார். "வீட்டுச் சாப்பாடுன்னா இப்படித்தான் இருக்கும்" என்றார்.

என்னையும் தேன் தொடச் சொன்னாரா என்று கேட்பாய். சொல்லவில்லை. நான் அதற்குள் வெங்காயம் உரிக்க உட்கார்ந்திருந்தேன்.

ஷ்ப்ரெசா போகும்போது, செவ்வாயும் சனியும், வரும் வாரத்திலிருந்தே, என்றாள். தேனை மறக்க வேண்டாம் என்றும் சொன்னாள். அப்பா, அது வேடிக்கைக்கு வைத்ததில்லை என்று அவளிடம் சொன்னார்.

மாலையில் ருதினா பஸ் ஓட்டுகிறவருக்குப் போன் செய்து, புதன்கிழமைக்குச் சொல்லி வைத்திருந்த இரண்டு இடமும் வேண்டாம் என்றாள். உன்னிடம் அவளே பேசுவாள். இது உன் கைக்கு வந்த பிறகு, 26ஆம் தேதி ஞாயிறு மதியம் போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

உனக்கு அனுப்புகிற பெட்டியைக் கட்டினேன். மிளகாய் ஊறுகாய், காய்ந்த மலைத் தேயிலை, அக்ரூட் பாகு. மிச்சமிருந்த தேனையும் வைத்தேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தவர், ஜாடியை வெளியே எடுத்துவிட்டார். "ஜெர்மனியில தேன் கிடைக்கும். இது வாசலுக்கு" என்று சொல்லி, நிலைக்குப் பக்கத்து மாடத்தில் வைத்தார். அங்கே வைத்தால் ஆகஸ்டில் எறும்பு வருமே என்றேன்.

"ஆகஸ்ட்ல எறும்பு மட்டுந்தான் வருமா?" என்றார்.

எட்லேவா