பாட்டுக்குள்ளை ஒரு சிரிப்பு

இஞ்சாருங்கோ,

வொய்ஸ் போடாமல் எழுதிறன். போட்டால், என்ரை குரல் அடைக்கிறதையும் வெட்டி ஏதும் பாட்டுக்குள்ளை ஒட்டிப்போடுவியள்.

பாரிசிலை இருந்து நீங்கள் போட்ட புது மிக்ஸ் கேட்டன். முந்தியெல்லாம் எனக்கு அனுப்பி, நான் "ஓம், நல்லாயிருக்கு" எண்டு சொன்னாப் பிறகுதானே இன்ரநெற்றிலை எல்லாருக்கும் விடுவியள்? இந்தமுறை பக்கத்து வீட்டு றெஜியின்ரை ஓட்டோவிலை போகேக்கைதான் கேட்டன். கூத்துப் பாட்டுக்குக் கீழை ஹிப்ஹொப் அடி, அதுக்கு மேலை கொம்பியூட்டர் மியூசிக். உங்கடை கைவேலை எண்டு உடனை பிடிபட்டிட்டுது. குருநகர்க் கரையிலை மீன் ஏலம் கூறுற சத்தமும் வந்தது. உங்களுக்காக நான் சேத்துக்குள்ளை நிண்டு பதிஞ்சு அனுப்பினது. சந்தோசமாத்தான் இருந்தது.

அது முடியிற இடத்திலை ஒரு பொம்பிளை சிரிக்கிறாள்.

ஆரெண்டு நான் கேக்கேல்லை. பாரிசிலை சிரிக்கிற ஆக்கள் கனபேர் இருப்பினம். ஆனால் மைக்குக்கு இவ்வளவு கிட்ட நிண்டு சிரிக்க வேணுமோ? அதையும் நீங்கள் திருப்பித் திருப்பி விட்டிருக்கிறியள். என்ரை கடற்கரை ஒருக்கா வந்து போகுது. அவளின்ரை சிரிப்பு பாட்டு முடியுமட்டும் கேக்குது.

றெஜி கண்ணாடியாலை என்னைப் பாத்து, "அக்கா, அண்ணை போட்ட உந்தச் சிரிப்பு உங்கடையோ?" எண்டு கேட்டான்.

"ஓம்" எண்டிட்டன்.

அவன் சந்தி முழுக்கச் சொல்லிப்போட்டான். காணுற சனமெல்லாம், "எங்கை பிள்ளை, ஒருக்காச் சிரிச்சுக் காட்டு" எண்டு கேக்குதுகள். அதாலை கதவைச் சாத்திப்போட்டு, உங்கடை மிக்ஸைப் போட்டு, அவளை மாதிரிச் சிரிக்கப் பழகிறன். இன்னும் சரிவரேல்லை.

இஞ்சை இருக்கிற
உங்கடை மனிசி