ஊசிக்குப் பின் எடுத்த ரத்தம்

மார்ச் 4
வரலாற்றில் இடம்பெற வேண்டிய நாள். ‘முதலில் ரத்தம், பிறகு ஊசி’ என்று வார்டுச் சுவரில் ஒட்டப்போகும் வாசகம் பச்சை எழுத்தில் இருக்கும் என எங்கள் கிருமியியல் துறை ஏகமனதாக முடிவெடுத்தது. நீலத்துக்காக வாதாடிய இருவர் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்கள். ஆன்டிபயாடிக் ஊசி ஏறிய ரத்தத்தில் கிருமி இருந்தாலும் சோதனைக் குப்பியில் வளராது, அதற்காகத்தான் வாசகம். அதைப் பற்றிப் பேச நேரமில்லை.

மார்ச் 7
அக்கா புருஷன், அத்தானுக்கு நேற்று எங்கள் ஆஸ்பத்திரியில் சிறுநீரகக் கல் எடுத்தார்கள். இன்று குளிர்காய்ச்சல், உடம்பு தூக்கித் தூக்கிப் போடுகிறது. நான் குப்பியோடு ஓடுவதற்குள் ஊசி போட்டாகிவிட்டது.
“மனுஷன் நடுங்குறாரு, குப்பி வரட்டும்னு பார்த்துட்டு நிக்கவா?” என்றார் நர்ஸ்.
நானாக இருந்தாலும் போட்டிருப்பேன். பிறகுதான் ரத்தம் எடுத்தோம்.

மார்ச் 8
காய்ச்சல் இறங்குகிறது. “என் ரத்தத்துல இதுவரைக்கும் ஒண்ணுமே முளைக்கலையாமே? எல்லாத்தையும் உங்க அக்கா உறிஞ்சிட்டா, அதான்” என்றார் அத்தான். அக்கா சிரிக்கவில்லை. போர்வையை இழுத்துவிட்டாள்.

மார்ச் 10
‘வளர்ச்சி இல்லை.’ கையெழுத்துப் போட்டேன். ஊசிக்குப் பின் எடுத்த ரத்தம் என்று கீழே எழுதினேன். வார்டு டாக்டர் படிப்பதை மேல் வரியோடு நிறுத்திக்கொண்டார், ஊசியையும் நிறுத்திவிட்டார். ஓடிப்போய் நின்றேன். கிருமி இல்லை என்று அர்த்தமில்லை, மருந்து அமுக்கி வைத்திருக்கிறது என்றேன். மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.
“ஆதாரமில்லாம ஆன்டிபயாடிக் தொடரக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் கட்டுரை எழுதினீங்க? சொந்தக்காரர்னா மட்டும் வேறயா?”
எழுதினேன்தான். நல்ல ஆராய்ச்சி. பரிசுகூடக் கிடைத்தது.
தலைமை மருத்துவரிடம் போனேன். அவரும் கட்டுரையைப் படித்திருந்தார்.

மார்ச் 11
அக்கா போனில்: “உன் ரிப்போர்ட் வந்தப்புறம்தான்டி தூங்கினேன்.”
“இன்னைக்கும் தூங்கு” என்று போனை வைத்தேன். கீழே எழுதினதைச் சொல்லி என்ன ஆகப்போகுது — அவ போய் யார்கிட்ட சண்டை போடுவா? நானே போட்டுப் பார்த்துட்டேனே.

மார்ச் 13
மறுபடி நடுக்கம். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது. இந்த முறை முதலில் ரத்தம், பிறகு ஊசி. எல்லாரும் சரியாகத்தான் செய்தார்கள்.

மார்ச் 14
விடியுமுன் அத்தான் போய்விட்டார்.

மார்ச் 16
குப்பியில் வளர்ந்த கிருமியின் பரிசோதனை முடிவு வந்தது. முதல் நாள் போட்ட அதே ஊசிக்குக் கட்டுப்படும். கையெழுத்துப் போட்டு வார்டுக்கு அனுப்பினேன். நோயாளி இல்லை என்று திரும்பி வந்தது.