லேப்டாப்புக்கு எது நல்லது

செவ்வாய், இரவு.

மூடியை இறக்கினாலும் தூங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் பழைய லேப்டாப்புக்கு எந்த இயங்குதளம் நல்லது, லினக்ஸா, ஃப்ரீபிஎஸ்டியா என்று ஒரு மாதமாக முன்பின் தெரியாதவர்களை எல்லாம் இணையத்தில் கேட்டேன். இன்று விண்டோஸை அழித்துவிட்டு ஃப்ரீபிஎஸ்டி போட்டேன். வைஃபை வருவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று.

சாயங்காலம் கோழிப்பண்ணையிலிருந்து வந்த மனைவி அதைத் திறந்தாள்.

"ஏனுங்க, தீவனக் கலவை போடற புரோகிராமைக் காணோமுங்க?"

"அது விண்டோஸ்ல மட்டுந்தான் ஓடும்."

"நாளைக்குக் காலைல மக்காச்சோளம் எவ்வளவு, சோயா எவ்வளவுன்னு நான் எதுல பாக்கறதுங்க? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லங்க."

சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலை. கையாலேயே கணக்குப் போட ஒரு காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மூடியை இறக்கினால் லேப்டாப் இப்போது ஒழுங்காகத் தூங்குகிறது. அதற்குத்தான் இத்தனை நாள் அலைந்தேன். உள்ளே விளக்கு இன்னும் அணையவில்லை.