பார்த்தது பதினேழு பேர்

ஹட்டன்
29.05.2006

தம்பி சந்திரமோகனுக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவும் நானும் இன்றைய தேதிவரை நலம். நீ அங்கு நலமா என்று கேட்கமாட்டேன். ஒரு நாளைக்கு இருபது தடவை கணினியைத் திறந்து பார்க்கத் தெம்புள்ளவன் நலமாகத்தான் இருப்பான்.

மூன்று மின்னஞ்சல் போட்டேன். "அக்கா, நாப்பத்தோராயிரம் தாண்டிருச்சு!" என்று ஒரே வரிப் பதில், பக்கத்தில் சிரிக்கிற மஞ்சள் முகம். போன் எடுத்தால் மீட்டிங் என்கிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, வியாழக்கிழமை டோஹாவுக்கு விமானம் ஏறும் கணேசமூர்த்தி அண்ணன் கையில் கொடுக்கிறேன். அவர் முன்னாலேயே படித்து முடி. நீ கடைசி வரியைப் படிக்கும்வரை நகரக்கூடாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

நம் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளுக்குப் பின்னால் மலை வெடித்து விரிசல் விட்டிருப்பதை உலகத்துக்குக் காட்டப்போகிறேன் என்று நீ இணையத்தளம் தொடங்கியபோது நானும்தான் சந்தோஷப்பட்டேன். முப்பத்தெட்டுப் படங்களையும் எடுத்து, நான் வேலை செய்யும் இந்த இன்டர்நெட் கடையிலிருந்து ஏற்றியதும் நான்தான். ஆனால் நீ என்ன செய்தாய்? தலைவர் அழகுமுத்து மாமாவுக்குப் போன் போட்டு, "ஒரே மாசத்துல நாப்பத்தோராயிரம் பேரு பாத்துட்டாங்க மாமா, யாரும் லயத்த விட்டு நகராதீங்க, இனி தோட்டத்துத் தொர வீடு கட்டிக் குடுத்துத்தான் ஆகணும்" என்றாய். மழை முடியும்வரை மேல் பிரிவில் குழந்தைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் போய்த் தங்குங்கள், சாவி தருகிறோம் என்று தோட்ட நிர்வாகத்தில் சொல்லியிருந்தார்கள். உன் போன் வந்த அன்றே மாமா வேண்டாம் என்றுவிட்டார். பன்னிரண்டு குடும்பமும் வெடிப்புக்குக் கீழேயே கிடக்கிறது.

போன வாரம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில், நீ கொடுத்த பாஸ்வேர்டைப் போட்டுத் தளத்தின் புள்ளிவிவரப் பக்கத்தைத் திறந்தேன். முதல் வரியில் இருக்கிற 'ஹிட் 41,340' என்பதற்குக் கீழே நீ எதையுமே படித்ததில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

ஹிட் என்றால் ஆள் இல்லையடா, மடையா. ஒருவர் ஒருமுறை பக்கத்தைத் திறந்தால், பக்கம் ஒன்று, படம் முப்பத்தெட்டு, ஆக முப்பத்தொன்பது ஹிட். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கூடையைக் கொட்டி, ஒவ்வொரு கொழுந்தையும் ஒரு ஆள் என்று எண்ணுகிற கணக்கப்பிள்ளையை நீ எங்காவது பார்த்திருக்கிறாயா? 41,340ஐ முப்பத்தொன்பதால் வகுத்துப் பார். 1,060 வரும். அது பேஜ் வியூ, பக்கம் எத்தனை தடவை திறக்கப்பட்டது என்ற எண். அதுவும் ஆள் இல்லை. ஒருத்தி மலைக்கும் மடுவத்துக்கும் மூன்று நடை நடந்தாலும் செக்ரோல் வரவுப் புத்தகத்தில் அவளுக்கு ஒரு பேர்தான் விழும். அப்படித் தலைக்கு ஒன்றாக எண்ணுவதற்குத்தான் யுனிக் விசிட்டர் என்று பெயர். அது 93.

அந்தத் தொண்ணூற்று மூன்றில் ஒன்று எங்கள் கடை. 212 தடவை. லயத்து ஆட்களைக் கூட்டிவந்து காட்டியது, படம் சரியாக ஏறியதா என்று நான் பார்த்தது எல்லாம் சேர்த்து. கடைக்கு ஒரே இணைப்பு என்பதால் பத்துப் பேர் பார்த்தாலும் ஒருவர் என்றுதான் விழும், அதையும் நியாயமாகச் சொல்லிவிடுகிறேன். இன்னொன்று டோஹா. 610 தடவை. எண் ஏறியதா என்று பார்க்க நீ திறந்தாய். நீ திறந்ததால் எண் ஏறியது. ஏறிவிட்டதே என்று மறுபடியும் திறந்தாய். நாற்பத்தோராயிரத்தில் பாதிக்கு மேல் நீ ஒருவனே. மிச்சம் தொண்ணூற்றொரு பேரில் எழுபத்து நான்கு பேர் முப்பது விநாடிக்குள் போய்விட்டார்கள். நின்று பார்த்தது பதினேழு பேர். உலகமாம், உலகம்!

சனிக்கிழமை பொகவந்தலாவை பஸ் பிடித்து வீட்டுக்குப் போனேன். மீனம்மா அக்கா குடியிருக்கும் லயத்துக் காம்பராவின் சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. மண்சரிவு ஆபத்தைப் பார்க்க வந்த அதிகாரி அந்தச் சுவரில்தான், வெடிப்பு அகலுகிறதா என்று அறிவதற்காகக் குறுக்கே பென்சில் கோடு போட்டுத் தேதி எழுதியிருந்தார். கோட்டையும் காணோம், வெடிப்பையும் காணோம். சீமெந்து பூசிச் சுண்ணாம்பு அடித்திருக்கிறார். ஏன் அக்கா என்று கேட்டால், "நாப்பதாயிரம் பேரு பாக்குறாங்களாமே, செவரு இப்புடிக் கெடந்தா மானம் போவாதா?" என்கிறார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நாலு பேர் வருகிறார்கள் என்றால் யாரும் செய்வதைத்தான் செய்தார். அன்றிலிருந்து மழை விடவில்லை. வெடிப்பு அகன்றதா என்பது இப்போது யாருக்கும் தெரியாது.

நான் சொல்லாமல் வரவில்லை. எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னேன். மாமா, "வெளிநாட்டுல கம்பியூட்டர் வேல பாக்குற புள்ள ஒண்ணு சொல்லுது, கடையில பில்லுப் போடுற புள்ள ஒண்ணு சொல்லுது, நாங்க எதக் கேக்குறது?" என்றார். அம்மா அதற்கும் மேலே. "என் மகன் பேரெடுத்தது ஒனக்குப் பொறுக்கலடி" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள். உனக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தது யார் என்பது அவளுக்கு மறந்துவிட்டது. வெடிப்புக்கு நேர் கீழே, அந்தக் கடைசிக் காம்பராவில், ஒரு துணியைக்கூட மூட்டை கட்டாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

நீ வேண்டுமென்று பொய் சொல்லவில்லை என்று தெரியும். யாராவது பார்க்கமாட்டார்களா என்ற ஆசை. எனக்கும் அதே ஆசைதான். அதற்காக உன்னை மன்னிக்கிற மனநிலையில் நான் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைப் போனுக்கு எடு. உனக்கு அது ஏழரை, வேலைக்குப் போகுமுன். மாமாவையும் அம்மாவையும் முதல் பஸ்ஸில் கூட்டிவந்து உட்காரவைத்திருப்பேன். பார்த்தது பதினேழு பேர்தான், நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், இன்றைக்கே மேலே ஏறுங்கள் என்று உன் வாயால் சொல். ஹிட், பேஜ் வியூ என்று விளக்கம் கொடுத்து நழுவாதே.

ஊரார் முன்னால் அம்மாவுக்குத் தலைகுனிவாகிவிடுமே என்று தயங்குவாய். ஆகட்டும். வெட்கப்பட்டு அழட்டும், ஒரு மாதம் நம் இரண்டு பேரோடும் பேசாமல் இருக்கட்டும். காலைப் பிடித்துக் கெஞ்ச நமக்கு அம்மா இருப்பாள்.

மாரியம்மன் உனக்கு அந்த ஒரு நிமிடத்துக்கு வாயைக் கொடுக்கட்டும்.

கோபம் ஆறாத உன் அக்கா,
நாகலெட்சுமி