வாய்க்கால் என்று சொன்ன கடதாசி

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
1967 மாசி.

அன்பு மகன் யோகலிங்கத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. பிள்ளையார் கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் உடம்பளவில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மற்றப்படி உனக்குச் சுகமில்லை என்பதை இப்போதுதான் அறிந்தேன், அதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் சந்தோசமான செய்தியைச் சொல்கிறேன், கோபத்தில் அது மறந்துபோய்விடும். இதை உன் தங்கச்சி விமலேஸ்வரி எழுதவில்லை. தபாற்கந்தோரில் ஆளைப் பிடித்தும் எழுதுவிக்கவில்லை. உன் அப்பன் ஏரம்பு தன் கையால் எழுதுகிறேன். அவள் கலியாணம் முடித்துப் பூநகரிக்குப் போன பிறகு உன் கடிதங்களை வாசிக்க வீட்டில் ஆளில்லை. ஒவ்வொரு தடவையும் அதை மடியில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவது எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் அருந்ததி ரீச்சர் முன்னேற்றச் சங்கக் கட்டடத்தில் பெரியவர்களுக்கு நடத்துகிற வகுப்பில் போய் இருந்தேன். அயல்வீட்டு வீரகத்தி என்னைக் கண்டு, ஏரம்பண்ணை, மீசை நரைச்சாப்பிறகு அரிவரியோ, அடுத்த வருசம் நீயும் மகனோட யூனிவேர்சிற்றிக்குப் போவாய் போல கிடக்கு என்று சிரித்தான். சிரிக்கட்டும். இப்போது பஸ்ஸின் நெற்றியில் இருப்பதை வாசிக்கிறேன், நெருப்புப்பெட்டியை வாசிக்கிறேன், உப்புச் சுற்றி வந்த பேப்பரைக் கூட விரித்து வைத்து வாசிக்கிறேன். பெரிய ற எங்கே, சின்ன ர எங்கே என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நீ விடுமுறைக்கு வரும்போது உன் கடிதம் ஒன்றை எடுத்து உன் முன்னால் வாசித்து உன்னைத் திகைக்கவைக்க வேண்டும் என்று ஒளித்து வைத்திருந்தேன். ஆனால் நீ எழுதியதில் நான் முதன்முதல் வாசித்தது கடிதம் இல்லை, அந்தக் கடதாசி.

போன வெள்ளிக்கிழமை, யூனிவேர்சிற்றியில் உன் சங்கத்தில் இருக்கிற தில்லைநாதன் காரில் வந்து இறங்கினான். கோட்டில் வழக்குப் பேசுகிற புறக்கிராசியாரின் மகனாம், நல்ல வெள்ளைக் காற்சட்டை. நான் வயலில் மாடு விட்டு நெல்லுச் சூடு மிதித்துக்கொண்டு நின்றேன், ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். நான் வந்து சேர முதலே எங்கள் முற்றத்தில் கதிரை போட்டு, மைப்பெட்டி திறந்து, அயல் சனத்தை வரிசையில் விட்டிருந்தான். எங்கள் வாய்க்காலைத் திருத்தித் தரச் சொல்லி அரசாங்கத்துக்கு விண்ணப்பமாம், யோகலிங்கம்தான் எழுதினவர், எல்லாரும் பெருவிரலை வைச்சால் காணும் என்று சொன்னானாம். அம்மாதான் முதல் ஆளாக விரலை வைத்திருக்கிறா. என்ர பிள்ளை எழுதினது, நான் வையாமல் வேற ஆர் வைக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டு, வந்த பிள்ளைக்குத் தேத்தண்ணீர் ஊற்றக் குசினிக்குள் போய்விட்டா. அடுத்து வீரகத்தி விரலை நீட்டிக்கொண்டு நின்றான்.

நான் கடதாசியைக் கையில் எடுத்தேன். வாய்க்கால் என்ற சொல் எங்கே இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஆசை, அது எனக்குத் தெரிந்த சொல். வா இருந்தது. பிறகு ய் வர வேண்டும், வரவில்லை, க் வந்தது, கு வந்தது. கால் இல்லவே இல்லை. என் பிள்ளை இப்படிப் பிழைவிட மாட்டானே என்று முதலில் நினைத்தேன், பாழாய்ப்போன நினைப்பு. திரும்பவும் எழுத்துக் கூட்டினேன். அது வாக்கு. ஐயாவுக்கு வாசிக்கத் தெரியுமோ என்று தில்லைநாதன் பல்லைக் காட்டினான். ஓம் தம்பி, மெல்ல மெல்லத் தெரியும், இருந்து கேளும் என்று சொல்லி, எல்லோருக்கும் கேட்க வாசித்தேன். எழுத்தறிவற்ற நாங்கள், நாட்டை ஆள்வோரைத் தெரிந்தெடுக்கும் தகுதி எமக்கில்லை என்பதை உணர்ந்து, எமது வாக்குரிமையை நீக்கிக் கற்றவர்களிடமே விட்டுவிடுமாறு வேண்டுகிறோம். எவ்வளவு நேரம் சென்றதோ தெரியாது, ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. முடிந்ததும் வீரகத்தி தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தம்பி, இந்த விரல் உதவாது எண்டு எழுதிறதுக்கும் இந்த விரல்தான் வேணுமோ, அப்ப இதுக்கு நல்ல விலை இருக்கு, நான் வைச்சிருக்கிறன் என்று சொல்லி மடிக்குள் வைத்துக்கொண்டான். சனம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. தில்லைநாதன் கடதாசியைப் பறிக்கப் பார்த்தான், நான் விடவில்லை. தேத்தண்ணீர் வர முதலே கார் போய்விட்டது.

மகன், அவன் சொன்னால் எனக்குக் கவலையில்லை, அவன் வீட்டில் தாத்தா காலத்திலிருந்து படியாத சனத்துக்கு வாக்கு ஏன் என்ற கதைதான் கதைப்பார்கள். நீ எங்கே இருந்து போனாய்? நீ படித்த பள்ளிக்கூடத்துக்கு ஓடு போட்டது ஆர் என்று நினைக்கிறாய்? எங்கள் குடியேற்றத்தில் இத்தனை வாக்குப் புள்ளடி கிடக்கிறது என்று கண்டுதான் எலெக்சனுக்கு நின்றவர்கள் இந்தச் சேற்றுக்குள் கால் வைத்தார்கள். எழுத்துத் தெரியாத காலத்தில் நான் படத்தைப் பார்த்துப் புள்ளடி போட்டேன், ஆனால் ஆளைப் பார்க்காமல் போடவில்லை. அந்தப் புள்ளடியில் ஏறித்தான் நீ காசில்லாமல் கண்டி வரைக்கும் போனாய். ஏறிப் போனவன் ஏணியை இழுத்துக்கொள்கிறாயா? உன் சங்கத்தின் கணக்குப்படி இனி எனக்கு வாக்கு உண்டு, உன்னைப் பெற்றவளுக்கு இல்லை. இதை எழுதும்போது உன் கை கூசவில்லையா? அவர்கள் தங்களுடைய மேசையில் உனக்கு ஒரு கதிரை தந்தார்கள் என்பதற்காக எங்களை விற்கலாமா?

கடதாசியின் அடியில் செயலாளர் ஏ. யோகலிங்கம் என்று போட்டிருக்கிறாய். அந்த ஏ நான். அது என்னுடைய முதல் எழுத்து, ரீச்சர் எனக்கு முதல் எழுதிக் காட்டியதும் அதுதான். அந்தச் சங்கத்தை விட்டு விலகி எனக்கு எழுது. விலக மனமில்லை என்றால் உன் பெயரை மொட்டையாக எழுதிக்கொள், என் எழுத்தை அந்தக் கடதாசிகளில் முன்னுக்கு நிற்கவிடாதே.

அம்மாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. நான் வாசித்தபோது அவ குசினிக்குள் அடுப்பு ஊதிக்கொண்டு நின்றா. அயலில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, வீரகத்தி கூட. விரல் பதிந்த கடதாசி அலுமாரிக்குள் இருக்கிறது. சித்திரை விடுமுறைக்கு வந்து, அவவை எதிரில் இருத்தி, நீயே ஒரு எழுத்தும் விடாமல் வாசித்துச் சொல். நான் சொல்லமாட்டேன், சொல்லவும் ஏலாது.

கண்டியில் பனி அதிகம் என்கிறார்கள், தலையை மூடிக்கொண்டு படு, சனிக்கிழமை எண்ணெய் முழுக்கை விடாதே. வெள்ளை நாம்பன் மாட்டுக்குக் கால் சுகம். பிள்ளையார் உனக்கு நல்ல புத்தியைத் தரட்டும், நான் உன்னைச் சபிக்கவில்லை, என்னால் முடியாது. அம்மா இப்போது பக்கத்தில் வந்து நின்று, இவ்வளவு நேரமாய் என்ன எழுதுறியள், வாய்க்கால் அலுவல் என்ன மாதிரி எண்டு தம்பியைக் கேட்டு எழுதுங்கோ என்கிறா.

கேட்டு எழுதிவிட்டேன்.

இப்படிக்கு
உன் அப்பா
ஏரம்பு